5.1 பதிவைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரவுண்ட் கோப்பை, அதாவது சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் பல சேனல் ஒலிக்கோப்பை, பிரிக்க ஒரே ஒரு கட்டளை போதும். பிரித்த பிறகுதான் தலைவலி தொடங்கும். ஆறு கோப்பு வந்து நிற்கும், எது நடுச் சேனல், எது பின்பக்கம் என்று தெரியாது. இல்லாவிட்டால் லெவல் மாறிப்போய் மறுபடி சேர்க்கும்போது ஒட்டாது. வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த இரண்டைச் சுற்றித்தான்.

எந்த சரவுண்ட் பதிவையும் தனிச் சேனல்களாகப் பிரிக்கலாமா?

கோப்புக்குள் சேனல்கள் ஏற்கெனவே தனித்தனியாக இருந்தால் பிரிக்கலாம். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, பல சேனல் ஏஏசி, ஃப்ளாக், வேவ் எல்லாம் இந்த வகைதான். 5.1 என்றால் முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ எனப்படும் தாழ்ஒலிச் சேனல், சரவுண்ட் இடது, சரவுண்ட் வலது என ஆறு. 7.1 என்றால் பின்னால் இன்னும் இரண்டு. டிகோட் செய்தால், அதாவது சுருக்கியதை விரித்தால், இவை தனித்தனியாகவே வெளியே வரும். அவற்றைக் கலக்காமல் ஆறு மோனோ கோப்புகளாக எழுதிவைப்பதைத்தான் பிரிப்பது என்கிறோம்.

ஸ்டீரியோவுக்குள் மடித்துவைத்த பழைய மேட்ரிக்ஸ் சரவுண்ட், அட்மாஸ், ஆம்பிசோனிக் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஹெட்ஃபோனுக்காகச் செய்த பைனாரல் பதிவை '5.1' என்று பெயர் போட்டு வைத்திருந்தால் அதைப் பிரிக்க வழியே இல்லை. அது வெறும் இரண்டு சேனல்.

என் கோப்பு உண்மையான 5.1 தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மீடியாஇன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் திறந்து பாருங்கள். எத்தனை சேனல், என்ன கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), எந்த அமைப்பு என்று எழுதியிருக்கும். அது லேபிள் மட்டுமே. ஆறு சேனல் என்று எழுதிய கோப்பில் நான்கு சேனல் வெறுமையாகக் கிடப்பதும் உண்டு.

அதனால் பிரித்துப்போட்டு அலைவடிவத்தைப் பாருங்கள். சரவுண்ட் இடதும் வலதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்து, 7 கிலோஹெர்ட்சுக்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால், அது பழைய டால்பி புரோ லாஜிக் கால மிக்ஸிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். அந்தக் காலத்தில் சரவுண்ட் ஒரே மோனோ சேனல், மேல் எல்லை 7 கிலோஹெர்ட்ஸ். நடுச் சேனலில் முன் இரண்டு சேனலின் கூட்டல் அப்படியே இருந்தால், யாரோ ஸ்டீரியோவை ஊதிப் பெருக்கி 5.1 ஆக்கியிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?

கட்டளை எழுதத் தயக்கம் இல்லை என்றால் எஃப்எஃப்எம்பெக். 'சேனல்ஸ்பிளிட்' என்ற ஃபில்டர் ஒரே ஓட்டத்தில் ஆறையும் பிரித்துத் தரும். ஒரு சேனல் மட்டும் போதும் என்றால் 'பேன்' ஃபில்டர். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: மோனோ வேண்டும் என்று சேனல் எண்ணிக்கையை 1 என்று கொடுத்துவிடுகிறார்கள். அது ஒரு சேனலை எடுத்துத் தராது, பல சேனல்களைக் கலந்து ஒன்றாக்கித் தரும்.

திரையில் பார்த்துச் செய்ய வேண்டும் என்றால் ஆடாசிட்டி. டால்பி டிஜிட்டல் கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை அதில் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆறு சேனலும் ஆறு டிராக்காக வந்து உட்காரும். ஏற்றுமதி செய்யும்போது பல கோப்புகளாக என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். சும்மா ஏற்றுமதி கொடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ரீப்பர் வைத்திருப்பவர்கள் கோப்பை உள்ளே இழுத்துப் போட்டு, பல சேனல் ஐட்டத்தை ஒற்றைச் சேனல்களாக 'எக்ஸ்ப்ளோடு' செய்யும் கட்டளையைக் கொடுத்தால் முடிந்தது. விண்டோசில் ஈஏசி3டூ என்ற பழைய கருவியும் நல்லதே. ஆறு மோனோ வேவையும் பெயர் போட்டே தரும்.

எஃப்எஃப்எம்பெக்கில் பின் இடது, பின் வலது சேனலைக் கேட்டால் கிடைக்கவில்லையே?

எஃப்எஃப்எம்பெக் இரண்டு விதமான 5.1-ஐ வேறுபடுத்துகிறது. சரவுண்ட் சேனல்கள் பின்னால் இருப்பதாகக் கொள்வது '5.1', பக்கத்தில் இருப்பதாகக் கொள்வது '5.1 சைடு'. டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் பெரும்பாலும் சைடு என்றே வரும். ஏஏசி பின் என்று வரும். சைடு கோப்பிடம் போய் பின் சேனலைக் கேட்டால் அந்தப் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. ஒலியில் வித்தியாசம் கிடையாது, பெயரில்தான். பெயரை விட்டுவிட்டு 'பேன்' ஃபில்டரில் சி0 முதல் சி5 வரை எண்ணால் குறிப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிரித்த ஆறு கோப்பில் எது எந்தச் சேனல்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சேனல் வரிசைக்கு உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. வேவ், ஃப்ளாக் கோப்புகளில் வரிசை: முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ, சரவுண்ட் இடது, சரவுண்ட் வலது. சினிமா ஒலிக்கலவைக் கூடங்களில் இடது, நடு, வலது, சரவுண்ட் இடது, சரவுண்ட் வலது, எல்எஃப்இ என்று வைப்பது வழக்கம். டால்பி டிஜிட்டல் கோப்பின் உள்ளேயும், ஓக் வோர்பிஸிலும் இதே வரிசைதான். ஏஏசியும் டிடிஎஸ்ஸும் நடுச் சேனலில் தொடங்கும்.

நல்ல டிகோடர் இதையெல்லாம் உள்ளுக்குள் மாற்றி வேவ் வரிசையில் தந்துவிடும். சிக்கல் வருவது, வேறொருவர் சினிமா வரிசையில் எழுதிய ஆறு சேனல் வேவ் கையில் கிடைக்கும்போது. கோப்பு வேவ் என்பதால் மென்பொருள் வேவ் வரிசை என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது இடத்தில் வலதுக்குப் பதில் நடு இருக்கும், அதனால் வசனம் வலது ஸ்பீக்கரில் பேசும். ஆறாவது இடத்தில் சரவுண்ட் வலதுக்குப் பதில் எல்எஃப்இ, அதனால் பின்னால் வெறும் உறுமல். 'எல்எஃப்இ'யில் மழைச் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், வரிசை மாறியிருக்கிறது.

அடையாளம் காண, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாறுங்கள். எல்எஃப்இ உடனே தெரிந்துவிடும்: சுமார் 120 ஹெர்ட்ஸ் வரை அடியில் ஒரு பட்டை, அதற்கு மேல் காலி. திரைப்படம் என்றால் வசனம் இருப்பது நடு. முன் இரண்டும் இசை நிறைந்து ஏறக்குறைய ஒரே உருவில் இருக்கும். மிஞ்சிய இரண்டில் எதிரொலி, கூட்டத்தின் இரைச்சல், காற்று. வெகுநேரம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். ஆனால் இடது எது, வலது எது என்பதை அலைவடிவம் சொல்லாது. அதற்குப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்: வண்டி திரையின் இடமிருந்து வலம் போகும் காட்சி ஒன்று போதும்.

அடிக்கடி இந்த வேலை செய்பவர்கள் ஒரு சோதனைக் கோப்பைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேனலிலும் அதன் பெயரைச் சொல்லிப் பதிந்து, எல்எஃப்இயில் மட்டும் 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, வழக்கமான கட்டளை வழியாக ஓட்டுங்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பில் வருகிறது என்று காதாலேயே தெரிந்துவிடும்.

எல்எஃப்இ கோப்பு மிகவும் மெல்லியதாக இருக்கிறதே, ஏற்றிவிடலாமா?

வேண்டாம். எல்எஃப்இ சேனலை ஒலிக்கும்போது மற்றச் சேனல்களைவிட 10 டெசிபல் உயர்த்தித் தருவது பிளேயர் அல்லது ரிசீவரின் வேலை. அதனால்தான் கோப்பில் அடங்கி இருக்கிறது. பிரித்து வைக்கும்போது அப்படியே விடுங்கள். நீங்களே ஸ்டீரியோவாகக் கலக்கும்போது எல்எஃப்இயும் வேண்டும் என்றால் மட்டும் அந்த 10 டெசிபலைக் கணக்கில் சேருங்கள். இப்படிச் சேனல்களைக் குறைத்துக் கலக்கும் பெரும்பாலான டவுன்மிக்ஸில் எல்எஃப்இயை விட்டேவிடுவார்கள். படத்தின் பேஸ் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மற்ற ஐந்து சேனலும் முழு அலைவரிசை கொண்டவை, அவற்றிலும் பேஸ் இருக்கிறது.

சரவுண்ட் சேனலை மட்டும் சோலோ போட்டுக் கேட்டால் உயர் ஒலிகள் தண்ணீருக்குள் கேட்பதுபோல் இருக்கிறது. பிரித்ததில் தவறா?

பிரித்ததில் தவறு இல்லை, சுருக்கியதன் விளைவு. டிவிடியில் டால்பி டிஜிட்டலுக்கு அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட்தான். ஆறு சேனல் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல் பல சேனல்களின் ஒலியை ஒன்றாகச் சேர்த்து எழுதி, எந்தச் சேனலுக்கு எவ்வளவு பங்கு என்ற குறிப்பை மட்டும் பக்கத்தில் வைக்கும் ஏற்பாடு அந்தக் கோடெக்கில் உண்டு. இதற்குக் கப்ளிங் என்று பெயர். எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிடும், காதுக்குத் தெரியாது. சோலோ போட்டால் மறைக்க ஆள் இல்லை. நடுச் சேனலின் 'ஸ்' சத்தம் லேசாகப் பின்பக்கம் கேட்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு மருந்து கிடையாது. அதே படம் ப்ளூரேயில் ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவாக இருந்தால் அங்கிருந்து எடுங்கள். அவை இழப்பில்லாதவை, கலவைக் கூடம் கொடுத்த சேனல் அப்படியே வரும். ஒன்று கவனிக்க: டிடிஎஸ்-எச்டிக்குள் பழைய டிகோடர்களுக்காக இழப்புள்ள டிடிஎஸ் ஒன்றும் 'கோர்' என்று உட்கார்ந்திருக்கும். சில கருவிகள் அதை மட்டும் எடுத்துத் தந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும்.

நடுச் சேனலை எடுத்தால் வசனம் மட்டும் கிடைக்குமா?

வசனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கூடவே காலடிச் சத்தம், கதவுச் சத்தம், சில சமயம் இசையின் ஒரு பங்கும் இருக்கும். சேனலைப் பிரிப்பது வேறு, ஒலிமூலத்தைப் பிரிப்பது வேறு. முதலாவது ஏற்கெனவே தனியாக இருப்பதை எடுத்து வைப்பது. இரண்டாவது, கலந்துவிட்டதை ஊகித்துப் பிரிப்பது. டெமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்வது இரண்டாவது வேலை.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். 5.1-ஐ ஸ்டீரியோவாக்கி அதிலிருந்து குரலைப் பிரிப்பதைவிட, நடுச் சேனலைத் தனியே எடுத்து அதன்மேல் குரல் பிரிக்கும் கருவியை ஓட்டினால் அதற்குப் பாதி வேலை மிச்சம். விளைவும் சுத்தமாக இருக்கும்.

பிரிக்கும்போது லெவலும் நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நார்மலைஸ் செய்யாதீர்கள், அதாவது உச்ச ஒலியை ஒரே அளவுக்கு ஏற்றாதீர்கள். ஆறு மோனோ கோப்புகளையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்தால், பின்னால் மெதுவாக விழுந்த மழை முன்னால் நடக்கும் பேச்சுக்கு நிகராக எழுந்து நிற்கும். அந்த மிக்ஸின் அளவுகள் போனால் போனதுதான். கண்டிப்பாக ஏற்ற வேண்டும் என்றால் ஆறுக்கும் ஒரே அளவு டெசிபல்.

அடுத்தது டைனமிக் ரேஞ்ச் சுருக்கம் (டிஆர்சி), அதாவது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. டால்பி டிஜிட்டலில் இரவு நேரக் கேட்புக்கு உதவும் சுருக்கக் குறிப்புகள் கோப்புக்குள்ளேயே வரும். எஃப்எஃப்எம்பெக்கின் டிகோடர் இயல்பாகவே அதைப் பின்பற்றும், வெடிச்சத்தம் அடங்கிப்போகும். டிகோடருக்கான டிஆர்சி அளவை 0 என்று கொடுத்தால் நிறுத்திவிடலாம். 'டயல்நார்ம்' என்ற இன்னொரு குறிப்பு எல்லாச் சேனலையும் சமமாகக் குறைக்கும். −27 என்று இருந்தால் 4 டெசிபல் குறையும், −31 என்றால் குறையாது. இதனால் மிக்ஸ் கெடாது, மொத்த லெவல்தான் இறங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறு கோப்பும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும். ஒரு சேனல் முதல் 10 நிமிடம் மௌனமாக இருக்கிறதே என்று வெட்டக் கூடாது. 48 கிலோஹெர்ட்சில் 48 சாம்பிள் நகர்ந்தாலே 1 மில்லிநொடி, அதாவது ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கும் நேரம். முன் சேனல்கள் இரண்டுக்கும் இடையில் இந்த அளவு விலகினாலே நடுவில் கேட்க வேண்டியது ஓரம் சாயும்.

எம்கேவி கோப்பிலிருந்து ஒலியை உருவி எடுக்கும்போது இன்னொன்றும் உண்டு. படத்துக்கும் ஒலிக்கும் இடையில் சில மில்லிநொடி தாமதம் கண்டெய்னரில், அதாவது இரண்டையும் அடக்கிய எம்கேவி உறையில், குறித்திருக்கும். வெறும் ஒலியை உருவினால் அந்தக் குறிப்பு விழுந்துவிடும். உருவும் முன் மீடியாஇன்ஃபோவில் தாமதத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டால்பி டிஜிட்டலை டிகோட் செய்யாமல் வெட்டினாலும் நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. ஒரு ஃபிரேம் 1536 சாம்பிள், 48 கிலோஹெர்ட்சில் 32 மில்லிநொடி. அந்த எல்லைகளில்தான் கத்தி இறங்கும்.

எந்த வடிவில் சேமிப்பது?

24 பிட் வேவ் அல்லது ஃப்ளாக். எம்பி3 வேண்டாம்: மறுபடி இழப்பு, தொடக்கத்தில் கொஞ்சம் மௌனமும் ஒட்டிக்கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனல் என்றால் நிமிடத்துக்கு சுமார் 52 மெகாபைட். சாதாரண வேவ் 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது, அதாவது 82 நிமிடத்தில் நிரம்பிவிடும். முழுநீளப் படத்தை ஆறு சேனல் வேவாக எழுதினால் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். தனித்தனி மோனோவாக எழுதினால் 2 மணி நேரத்துக்கு ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட் சொச்சம்தான். ஒரே கோப்பாகவே வேண்டும் என்றால், இந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 வடிவம்.

என்னிடம் இருப்பது ஸ்டீரியோ, ஆனால் 'டால்பி சரவுண்ட்' என்று எழுதியிருக்கிறது. பிரிக்கலாமா?

இது மேட்ரிக்ஸ். நான்கு சேனலை இரண்டாக மடித்திருக்கிறார்கள். நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இடது, வலது இரண்டிலும் சேர்ப்பார்கள். சரவுண்டையும் 3 டெசிபல் குறைத்து இரண்டிலும் சேர்ப்பார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில்: ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். ஆகவே இடதையும் வலதையும் கூட்டினால் சரவுண்ட் அழிந்து நடு மேலே வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நடு அழிந்து சரவுண்ட் மிஞ்சும். ஆடாசிட்டியில் ஒரு டிராக்கைத் தலைகீழாக்கிக் கலந்தால் இதை நீங்களே கேட்கலாம்.

முழுதாகப் பிரிந்துவிடுமா என்றால், இல்லை. கூட்டினாலும் கழித்தாலும் இடதிலும் வலதிலும் தனியாக இருந்த ஒலிகள் கூடவே வரும். இப்படி எளிமையாகப் பிரித்தால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 3 டெசிபல் பிரிவுதான் கிடைக்கும். புரோ லாஜிக் டிகோடர்கள் அந்த நொடியில் எந்தத் திசை ஓங்கியிருக்கிறது என்று பார்த்து மற்றவற்றை அடக்கும். ஒருவர் மட்டும் பேசும் காட்சியில் அபாரமாக வேலை செய்யும், நாலு பக்கமும் சத்தம் வந்தால் திணறும். குறைந்த பிட்ரேட் எம்பி3 என்றால் அந்த ஃபேஸ் உறவே சிதைந்திருக்கும், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

1970களின் குவாட்ராஃபோனிக் (நான்கு சேனல்) இசைத்தட்டுகளில் எஸ்க்யூ, க்யூஎஸ் இரண்டும் இதே மேட்ரிக்ஸ் குடும்பம், ஆனால் கணக்கு வேறு, டிகோடரும் வேறு. சிடி-4 மட்டும் உண்மையில் நான்கு சேனல்: பின் சேனல்களுக்கான தகவல் 30 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் ஏறி வரும். அந்தத் தட்டை 44.1 கிலோஹெர்ட்சில் கணினிக்கு மாற்றியிருந்தால் 22 கிலோஹெர்ட்சுக்கு மேல் உள்ளது அத்தனையும் போய்விட்டது. 96 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், அந்த உயரத்தைப் படிக்கும் ஊசியும் வேண்டும்.

ஒரு ஸ்டீரியோ வேவ், போட்டால் வெறும் 'உஷ்ஷ்' என்ற இரைச்சல். கெட்டுப்போன கோப்பா?

முதலில் சத்தத்தைக் குறையுங்கள், ஸ்பீக்கருக்கு ஆகாது. அது அநேகமாக டிடிஎஸ் சிடி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்ற வேடத்தில் 5.1 டிடிஎஸ் தரவை ஒளித்து வைத்திருப்பார்கள். எஃப்எஃப்எம்பெக் பல நேரம் தானே கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் உள்ளீட்டை டிடிஎஸ் என்று சொல்லிக் கொடுங்கள். ஆறு சேனலும் வந்துவிடும். ஒரே நிபந்தனை: அந்த வேவின் ஒலியளவையோ சாம்பிள் ரேட்டையோ யாரும் தொட்டிருக்கக் கூடாது. 1 டெசிபல் மாற்றியிருந்தாலும் தரவு செத்தது.

அட்மாஸ் கோப்பிலிருந்து ஒவ்வொரு ஒலியையும் தனியாக எடுக்கலாமா?

திரையரங்க அட்மாஸில் 128 டிராக் வரை உண்டு என்று படித்துவிட்டு இந்தக் கேள்வி வருகிறது. வீட்டுக்கு வரும் பதிப்பில் அவை அப்படியே இருப்பதில்லை. அருகருகே இருக்கும் ஒலிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துச் சில உறுப்புகளாகச் சுருக்கிவிடுவார்கள். சாதாரண டிகோடரில் ஓட்டினால் ட்ரூஎச்டியிலிருந்து 7.1, ஸ்ட்ரீமிங்கில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸிலிருந்து 5.1 கிடைக்கும். உயரச் சேனல்களின் ஒலி தொலைவதில்லை, அந்த 7.1 அல்லது 5.1-க்குள் கலந்திருக்கும். தனித்தனி ஒலிகளாக வேண்டும் என்றால் கலவைக் கூடத்தின் ஏடிஎம் (ADM) வகை மாஸ்டர் கோப்பு வேண்டும்.

360 பாகை மைக்கில் பதிந்த நான்கு சேனலைப் பிரித்தேன். எந்த ஸ்பீக்கரிலும் சரியாகக் கேட்கவில்லை.

அது ஆம்பிசோனிக் பதிவு, அதன் சேனல்கள் ஸ்பீக்கருக்கானவை அல்ல. பி-ஃபார்மட் என்றால் ஒன்று எல்லாத் திசையையும் ஒன்றாகக் கேட்கும் டபிள்யூ. மற்றவை முன்-பின், இடது-வலது, மேல்-கீழ் வேறுபாடுகள். ஆம்பிஎக்ஸ் முறையில் வரிசை டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். பழைய ஃபூமா முறையில் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். முதலில் ஒரு ஆம்பிசோனிக் டிகோடர் பிளகின் வழியாக 5.1 ஆக்குங்கள், அப்புறம் பிரியுங்கள். மைக்கிலிருந்து நேராக வந்த ஏ-ஃபார்மட் என்றால் அதற்கும் முன்னால் பி-ஃபார்மட் ஆக்க வேண்டும்.

திருத்திய பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

கோப்புப் பெயரின் முடிவில் எல், ஆர், சி, எல்எஃப்இ, எல்எஸ், ஆர்எஸ் என்று சேனல் பெயரை வைத்துவிடுங்கள். புரோ டூல்ஸ் போன்றவை அதைப் பார்த்தே சேர்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் 'ஜாயின்' ஃபில்டரில் எந்தக் கோப்பு எந்தச் சேனல் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வரிசையை நம்பி விடாதீர்கள்.

திருத்தம் தொடங்கும் முன்பே ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. பிரித்த ஆறையும் அப்படியே சேர்த்து, மூலத்தை அதே அமைப்பில் டிகோட் செய்த ஆறு சேனல் வேவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் ஆறு சேனலிலும் ஒன்றும் மிஞ்சக் கூடாது. இரண்டு சேனலில் மட்டும் மிஞ்சினால் அவை இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. எல்லாவற்றிலும் மிஞ்சினால் லெவலையோ தொடக்க நேரத்தையோ பாருங்கள்.